அக்காவுக்குக் கொடுத்த பத்து மாத்திரை

என் கன்னத்து வலி இரண்டே நாளில் நின்றது. அந்தச் சந்தோஷத்தில்தான் என் அக்காவின் உயிருக்கு உலை வைத்தேன். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு எதையும் நிதானமாகச் சொல்ல வராது. இப்போது உடம்பு தேறி, தோல் புதிதாக முளைத்து, கண் நன்றாகத் தெரிகிற நேரத்தில் கேட்கவே வேண்டாம்.

என் பெயர் அந்தோணி. திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை மூட்டையாக ஏலத்துக்கு வருகிற விற்பனைக்கூடத்தில் எடை போடுகிறவன். வயது நாற்பத்தொன்று. மனைவி ஸ்டெல்லா துணிக்கடையில் வேலை செய்கிறாள். அம்மா, அப்பா இல்லை. கூடப் பிறந்தவள் ஒரே அக்கா, பிலோமினா. பொம்மையார்பாளையத்தில் கடற்கரை விடுதி ஒன்றில் சமையல் செய்கிறாள்.

போன மார்கழியில் என் இடது கன்னத்தில் ஒரு வலி வந்தது. பல் தேய்த்தால், முகம் கழுவினால், பைக்கில் போகும்போது காற்று பட்டால்கூட கரண்ட் அடித்தது போல ஓர் இழுப்பு. அப்படியே நின்றுவிடுவேன். எடை போட்டுக்கொண்டிருக்கும்போது வந்தால் எண்ணை மறந்துவிடுவேன். டாக்டரிடம் போனேன். முகத்து நரம்பு வலி என்றார். கார்பமசெபின் என்ற மாத்திரை எழுதிக்கொடுத்தார். வலிப்புக்குக் கொடுக்கிற மாத்திரைதான், இந்த நரம்பு வலிக்கும் இதுதான் முதல் மருந்து என்றார். எழுந்து வரும்போது, தோலில் தடிப்போ காய்ச்சலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு வரச்சொன்னார். நானும் பெரிதாகத் தலையாட்டினேன்.

இரண்டு நாளில் வலி போன இடம் தெரியவில்லை. மூன்றாம் நாள் வேண்டுமென்றே குளிர்ந்த தண்ணீரை முகத்தில் அடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கூடத்தில் இருக்கிற அத்தனை பேரிடமும் அந்த மாத்திரையின் பெயரைச் சொன்னேன். எனக்கு ஒன்று நல்லது செய்தால் ஊருக்கே சொல்லாமல் இருக்க முடியாது.

எட்டாம் நாள் அம்மாவின் நினைவுநாள் பூசை. அக்கா வந்திருந்தாள். கோயிலில் பாட்டுப் பாடும்போதுகூட வலது தாடையைக் கையால் தாங்கியபடி நின்றாள். கேட்டால், பத்து நாளாக விண்விண்ணென்று தெறிப்பதாகச் சொன்னாள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது, இது நம் குடும்ப வியாதி என்று. பஸ் ஏற்றிவிடப் போனபோது சட்டைப்பையிலிருந்து புது அட்டை ஒன்றை எடுத்து அவள் பைக்குள் வைத்தேன். பத்து மாத்திரை. தினமும் ஒன்று போடச் சொன்னேன். எந்த டாக்டர் என்றுகூட அவள் கேட்கவில்லை. தம்பி கொடுத்தது, அவ்வளவுதான். ஸ்டெல்லா அப்போது வீட்டில் சாமான் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

பதின்மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல். தொண்டை கரகரப்பு, கண்ணில் மண் விழுந்தது போல எரிச்சல். ஊரெல்லாம் சளிக்காய்ச்சல் இருந்த சமயம். அதுதான் என்று நினைத்து, காய்ச்சலுக்கு ஒன்றும் நரம்புக்கு ஒன்றுமாக இரண்டு மாத்திரையும் சேர்த்துப் போட்டுக்கொண்டேன். டாக்டர் சொன்னது காதில் விழுந்த இடத்திலேயே நின்றுவிட்டது போலும். மேலும் இரண்டு நாள் போட்டேன். பதினைந்தாம் நாள் நெஞ்சில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். சாயங்காலம் உதட்டில் கொப்புளம். மறுநாள் காலையில் தலையணையிலிருந்து முகத்தை எடுத்தபோது உதட்டுத் தோல் தலையணையிலேயே இருந்தது.

திண்டிவனத்தில் பார்த்துவிட்டு, தாமதிக்காமல் விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் ஹைவேயில் போன வேகம் மட்டும் நினைவிருக்கிறது. கண்ணைத் திறந்தால் வெளிச்சம் ஊசி போலக் குத்தியது. ஸ்டெல்லா தன் முந்தானையால் என் கண்ணுக்கு மேல் நிழல் கட்டிக்கொண்டே வந்தாள்.

அங்கே முதலில் காய்ச்சல் வார்டு வாசலில் உட்காரவைத்தார்கள். டெங்குவா, அம்மையா என்று ரத்தம் எடுத்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லத் தள்ளி உட்கார்ந்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தோல் பிரிவிலிருந்து ஒரு பெண் டாக்டர் வந்தார். மேல்படிப்பு படித்துக்கொண்டே வேலை பார்க்கிறவர், டாக்டர் கயல்விழி. என் தோளில் ஒரு விரலை வைத்து அழுத்திப் பக்கவாட்டில் லேசாகத் தள்ளினார். வெந்த உருளைக்கிழங்கின் தோல் போல என் தோல் வழுக்கிக்கொண்டு போனது.

அவர் முகம் மாறியதை ஸ்டெல்லா பார்த்திருக்கிறாள். கடைசி ஒரு மாதத்தில் புதிதாக என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார். ஸ்டெல்லா பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தாள். இதுதான், இனி ஒன்றுகூடக் கூடாது என்று சொல்லிவிட்டு, அவரே ஸ்ட்ரெச்சரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார்.

நோயின் பெயர் ஸ்டீவன்ஸ் ஜான்சன். தீயில் எரிந்தவனுக்குத் தோல் உரிவது போல, உள்ளிருந்தே உரிந்துவிடும். வாய், கண், மூத்திரம் போகும் வழி எல்லாம் புண்ணாகிவிடும். நிறையப் பேருக்கு உயிரே போய்விடும். என் தோளிலிருந்து அரிசி அளவு ஒரு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முதல் வேலை, காரணமான மருந்தை நிறுத்துவது. அதன் பிறகு கவனிப்புதான் வைத்தியம் என்றார்கள். ஊசிகளும் உண்டு, ஆனால் புண்ணில் கிருமி புகாமல், உடம்பில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை.

படுக்கைத் துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டது. அதனால் வாழையிலையில் படுக்கவைத்தார்கள். நம்பமாட்டீர்கள், ஆனால் இதுவும் வைத்தியம்தான். இளம் இலைகளைக் கழுவி, ஆவியில் சுத்தம் செய்து, வாசலின் தடவிப் படுக்கையில் பரப்புவார்கள். வழவழவென்று, குளுகுளுவென்று இருக்கும். புரட்டும்போது ஒட்டாது. இந்தச் செய்தி கூடத்துக்குப் போனதும், என்னோடு மூட்டை தூக்குகிறவர்கள் முறை வைத்துக்கொண்டு தினமும் காலை ரயிலில் ஒரு கட்டு வாழையிலை கொண்டுவந்தார்கள். ஒருவர்கூட உள்ளே வரவில்லை. எனக்குக் கிருமி தொற்றிவிடும் என்று வாசலிலேயே கொடுத்துவிட்டு அடுத்த ரயிலில் வேலைக்குத் திரும்பினார்கள். மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தது. ஸ்டெல்லா கேப்பைக் கஞ்சியைத் துணியில் இரண்டு தடவை வடிகட்டி, நர்ஸம்மா சொன்ன அளவில் அதில் ஊற்றுவாள். கண் டாக்டர் ஒருவர் தினமும் வந்து, இமையும் விழியும் ஒட்டிக்கொள்ளாமல் கண்ணாடிக் குச்சியால் பிரித்து மருந்து வைத்துவிட்டுப் போவார். அந்த நேரத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

மூன்றாம் நாள் காலையில்தான் அது நடந்தது.

டாக்டர் கயல்விழி பயிற்சி டாக்டர்கள் நாலைந்து பேரோடு என் படுக்கையைச் சுற்றி நின்றார். என் கண் மூடியிருந்தது, வாய் புண், நாக்கு வீங்கிப் பேச்சே கிடையாது. ஆனால் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்டெல்லா, ஒரே மாத்திரை எத்தனையோ பேர் சாப்பிடும்போது இவருக்கு மட்டும் ஏன் இப்படி என்று கேட்டாள். டாக்டர் அவளுக்குச் சொல்லத் தொடங்கினார். நான் வலியை மறந்து கேட்டேன்.

நம் உடம்பில் உள்ள கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லும் தன் மேல்பரப்பில் சின்னச் சின்னத் தட்டுகளை வைத்திருக்கிறதாம். உள்ளே இருக்கும் புரதங்களைத் துண்டு துண்டாக வெட்டி, அந்தத் தட்டில் வைத்து வெளியே காட்டிக்கொண்டே இருக்குமாம். அந்தத் தட்டுக்குப் பெயர் எச்.எல்.ஏ. டி செல் என்று ஒருவகை வெள்ளையணு உடம்பெங்கும் சுற்றி வந்து தட்டுகளைத் தொட்டுப் பார்க்கும். நம் சொந்தத் துண்டு என்றால் பேசாமல் போய்விடும். வைரஸின் துண்டு இருந்தால், அந்த செல்லுக்குள் பகை நுழைந்துவிட்டது என்று அர்த்தம். அந்த செல்லையே கொன்றுவிடும்.

டி செல்லை முதலில் உசுப்பிவிடுவதற்கென்று வேறு ஆட்கள் இருக்கிறார்கள். தோலில், குடலில், மூச்சுக் குழாயில் மரக்கிளை மாதிரி கைகளை நீட்டிக்கொண்டு காவல் இருக்கும் கிளைச் செல்கள். அந்நியமாக எது வந்தாலும் விழுங்கும், வெட்டும், தன் தட்டில் வைக்கும். வைத்துக்கொண்டு அங்கேயே நிற்காது. பக்கத்தில் இருக்கிற நிணநீர் முடிச்சுக்குக் கிளம்பிப் போகும். கழுத்தில், அக்குளில் நெறி கட்டியிருக்கிறது என்கிறோமே, அந்த இடம். அங்கே டி செல்கள் கூட்டம் கூட்டமாக வந்துபோகும். ஒவ்வொரு டி செல்லுக்கும் ஒரு குறிப்பிட்ட துண்டின் மேல்தான் கண். பொருந்துகிற டி செல் வருகிறவரை கிளைச் செல் தட்டை நீட்டிக்கொண்டே இருக்கும். பொருந்திவிட்டால், அந்த ஒன்று இரண்டாகி, நாலாகி, லட்சக்கணக்கில் பெருகிப் புறப்படும்.

படுத்துக்கிடந்த எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இது எங்கள் கூடம். மூட்டையிலிருந்து ஒரு கை மல்லாட்டையை எடுத்துத் தட்டில் வைத்து நீட்டுகிறோம். வியாபாரிகள் வரிசையாக வந்து உடைத்துப் பார்க்கிறார்கள், உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போகிறார்கள். எண்ணெய்க்கு வேண்டியவனுக்கு ஒரு பருப்பு, விதைக்கு வேண்டியவனுக்கு வேறு பருப்பு. தனக்கு வேண்டியதைக் கண்டவன் மட்டும் நின்றுவிடுவான். இருபது வருடமாக நான் செய்துகொண்டிருக்கிற வேலையை என் நெறிக்கட்டுக்குள் யாரோ செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

டாக்டர் மேலே சொன்னார். இந்தத் தட்டு எல்லாருக்கும் ஒரே வார்ப்பு இல்லை, நூற்றுக்கணக்கான வகை. அதில் பி பதினைந்து பூஜ்யம் இரண்டு என்று ஒரு வகை. அந்தத் தட்டின் பள்ளத்தில் இந்த மாத்திரை தானாகவே போய் ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்க்கிற டி செல், அந்நியன் வந்துவிட்டான் என்று முடிவு செய்து படை திரட்டும். திரட்ட நாளாகும்; அதனால்தான் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாது. திரட்டியபின் தன் சொந்தத் தோலையே அழிக்கும். தோலையும் வாயையும் கண்ணையும் மட்டும் ஏன் இப்படித் தேடி அழிக்கிறது என்று பயிற்சி டாக்டர் ஒருவர் கேட்டதற்கு, அது இன்னும் முழுசாகத் தெரியவில்லை என்று அவர் ஒளிக்காமல் சொன்னார்.

பிறகு ஸ்டெல்லாவிடம் சொன்னார்: "இந்தத் தட்டு அப்பா அம்மாகிட்டருந்து வர்றது. இவருக்கு இருந்தா, கூடப் பிறந்தவங்களுக்கும் இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அவங்க யாரும் இந்த மாத்திரையத் தொடவே கூடாது. சொல்லி வைங்க."

பஸ் ஸ்டாண்டு. அக்காவின் பை. பத்து மாத்திரை.

எழுந்திருக்கப் பார்த்தேன். இலை வழுக்கியது. கத்தினேன், தொண்டையிலிருந்து ஏதோ ஒரு கரகரப்பு வந்தது. வலியில் துடிக்கிறேன் என்று நினைத்து நர்ஸம்மா ஓடிவந்து கையைப் பிடித்தார். டாக்டர் ஊசி எடுக்கச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன், இல்லை இல்லை என்று.

"இன்னாங்க, தண்ணியா? வயிறு வலிக்குதா?" என்றாள் ஸ்டெல்லா.

அவள் கையைத் தேடிப் பிடித்து, உள்ளங்கையில் விரலால் எழுதினேன். அ. க். கா. இரண்டு தடவை எழுதியபின் புரிந்துகொண்டாள். அக்காவைப் பார்க்கணுமா, வரச் சொல்கிறேன் என்று அழுதாள். கடைசி ஆசை கேட்கிறேன் என்று நினைத்துவிட்டாள். நான் மறுபடி இல்லை என்று தலையாட்டிவிட்டு 'மா' என்று எழுதினேன். மாதாவா என்றாள். ஜெபமாலையை எடுத்து என் விரலில் சுற்றினாள். எனக்கு அழுகை வந்தது. அழுதால் கண்ணீர் புண்ணில் பட்டு இன்னும் எரிந்தது.

அப்போது ஒன்று தோன்றியது. ஜெபமாலையை உதறிவிட்டு, இடது கையை அட்டை போல விரித்துப் பிடித்தேன். வலது கட்டைவிரலால் அதன் மேல் அழுத்தினேன். ஒரு தரம், இரண்டு தரம். அழுத்தி, எடுத்து, வாயருகே கொண்டுபோனேன். பிறகு மறுபடியும் அவள் கையில் 'அக்கா' என்று எழுதினேன்.

அவள் என் விரலைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்காவுக்கு மாத்திரை குடுத்தீங்களா? இந்த மாத்திரையா?"

அவள் கையை இரண்டு தடவை இறுக்கினேன்.

அதன்பிறகு எல்லாம் ஓட்டம். அக்காவின் போன் அடித்து அடித்து நின்றது. விடுதியில் வேலை நேரத்தில் போனைப் பையில் போட்டு மாட்டிவிடுவாள். ஸ்டெல்லா மறுபடி அடித்தாள். டாக்டர் அடுத்த படுக்கைக்குப் போகாமல் அங்கேயே நின்றார். நான்காவது தடவை எடுத்தாள். ஸ்டெல்லா ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னாடி, வேல நேரத்துல கூப்டுக்கினே இருக்கிற. நானே நேத்துலருந்து காய்ச்சல்ல நின்னுக்கினு சமைக்கறேன்."

டாக்டர் போனை வாங்கிக்கொண்டார். "அம்மா, நான் உங்க தம்பியோட டாக்டர் பேசறேன். தம்பி குடுத்த மாத்திரை சாப்பிடறீங்களா?"

"காலையிலகூட ஒண்ணு போட்டேங்க."

"கண்ணு எரியுதா?"

பாத்திரம் ஒன்று எங்கோ உருண்டது. "எரியுதுங்க. அடுப்புப் புகைன்னு நெனச்சேன்."

"வாய்ல புண்ணு?"

"ரெண்டு இருக்குது. சூட்டுப் புண்ணுதானே?"

"இல்லம்மா. அந்த மாத்திரைய இனி தொடாதீங்க. மிச்ச அட்டைய எடுத்துக்கினு இப்பவே கிளம்பி வாங்க. சமையல யாராவது பாத்துக்கட்டும்."

அக்கா பாண்டிச்சேரி போய், அங்கிருந்து விழுப்புரம் பஸ் பிடித்து, நாலு மணிக்கு வந்து சேர்ந்தாள். அந்த ஐந்து மணி நேரத்தில் என் புண் எதுவும் எனக்கு வலிக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். பஸ் எங்கே நிற்கும், எங்கே டீசல் போடுவான், ரயில்வே கேட் போட்டிருப்பானா என்று படுத்த இடத்திலிருந்தே வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் மசாலாவும் புகையும் கலந்த ஒரு வாசனை என் படுக்கையருகே வந்து நின்றது. அக்காதான். என் காலில் தோல் உரியாத இடம் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கே கையை வைத்தாள். அட்டையில் எட்டு காலி, இரண்டு மீதி என்று ஸ்டெல்லா எண்ணிச் சொன்னாள்; நடுவில் இரண்டு நாள் அக்கா போட மறந்திருக்கிறாள்.

அவளைப் பெண்கள் வார்டில் சேர்த்தார்கள். நெஞ்சில் சிவப்புப் புள்ளிகள் அன்று சாயங்காலமே தெரிந்தன. மாத்திரையை நிறுத்திவிட்டோம் என்பதற்காகக் கிளம்பிய படை உடனே நின்றுவிடாது. சில நாள் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். தினமும் காலையில் அவர் அக்காவின் தோளில் விரலை வைத்து அழுத்தித் தள்ளிப் பார்ப்பார். தோல் நகர்கிறதா என்று ஸ்டெல்லா பார்த்துவிட்டு என் வார்டுக்கு ஓடிவருவாள். படிக்கட்டில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதுமே எனக்கு வியர்க்கும். முதல் நாள், நகரவில்லை. இரண்டாம் நாள், புள்ளிகள் கூடியிருக்கின்றன, ஆனால் நகரவில்லை. மூன்றாம் நாள் உதட்டில் இன்னொரு கொப்புளம். அன்று ஸ்டெல்லா படிக்கட்டில் மெதுவாகத்தான் வந்தாள். நான்காம் நாள் ஓடிவந்தாள். காய்ச்சல் இறங்கிவிட்டது, புள்ளிகள் மங்கிவிட்டன. மூச்சு வாங்கிக்கொண்டே அவள் சொன்னதை நான் மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்தேன். கையை இறுக்குவதுதான் என் பாஷை. அவளுக்கு அது நன்றாகப் பழகிவிட்டிருந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வாரத்தில் ஒரு நாள் ஸ்டெல்லா மருந்து வாங்கும் வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா இதே மாத்திரையை ஒரு மாதத்துக்கு மொத்தமாக வாங்கினாராம். ஸ்டெல்லா பாய்ந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்துவிட்டாள். அவர் பயந்துபோய், என் மகனுக்கு இதைச் சாப்பிட ஆரம்பித்து எட்டு வருடமாக வலிப்பே வரவில்லை, இதில்தான் அவன் உயிரே இருக்கிறது என்றாராம். ஸ்டெல்லா வெட்கப்பட்டுக் கையை விட்டாள். டாக்டரிடம் சொன்னபோது அவர், அந்தப் பையனின் தட்டில் இது ஒட்டாது, அவ்வளவுதான்; மாத்திரை மேலும் தப்பில்லை, எழுதிக்கொடுத்த டாக்டர் மேலும் தப்பில்லை என்றார். தப்பு யார் மேல் என்று எனக்குத் தெரியும்.

பத்தாம் நாள் இடது கண் திறந்தது. முதலில் தெரிந்தது பச்சை. வாழையிலை. அதற்கப்பால் ஸ்டெல்லா. பாதியாகிவிட்டிருந்தாள். மறுநாள் நாக்கு அசைந்தது. அக்காவை அன்று டிஸ்சார்ஜ் செய்து, போவதற்கு முன்னால் என்னைப் பார்க்க அனுப்பினார்கள். என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தைகள் இவைதான்:

"நான்தான் குடுத்தேன். மன்னிச்சுடு அக்கா."

அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "நீ குடுத்தே, நான் போட்டேன். நான் இன்னா சின்னக் கொழந்தையா. உன் கண்ணும் வாயும் இவ்ளோ பேஜாரு பண்ணி, அப்பகூட சைகையிலயே சொல்லிட்டியே, அதப் பேசு." பிறகு, என் பாதத்தில் புதிதாக முளைத்த ரோஸ் நிறத் தோலைப் பார்த்து, பிறந்தபோதும் இப்படித்தான் இருந்தாய் என்றாள்.

தோல் வருவது என்ன வேகம் தெரியுமா. முதுகில் ஒரு பக்கம் இரண்டு நாளில் மூடியது. காலையில் இல்லாத தோல் சாயங்காலம் இருக்கும். நர்ஸம்மா கண்ணாடி கொண்டுவந்து காட்டுவார். டிஸ்சார்ஜுக்கு முன்னால் என்னை மாணவர்கள் வகுப்பில் உட்காரவைத்தார்கள். பேராசிரியர் என் கதையைச் சொல்லி முடித்துவிட்டு, நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்றார். என்னிடம் அப்படிக் கேட்கலாமா. மல்லாட்டைத் தட்டிலிருந்து ஆரம்பித்து, கிளைச் செல் எப்படிச் சரக்கை எடுத்துக்கொண்டு கிளம்புகிறது, வியாபாரி எப்படி நின்றுவிடுகிறான் என்று கால் மணி நேரம் பேசினேன். பிள்ளைகள் சிரித்தார்கள், சிலர் எழுதிக்கொண்டார்கள். கடைசியில் எனக்கும் ஒரு சந்தேகம் என்றேன். இவ்வளவு ஆபத்தான ஏற்பாட்டை உடம்பு ஏன் வைத்திருக்க வேண்டும்? பேராசிரியர் சொன்னார், இந்தத் தட்டும் டி செல்லும் சரியாக வேலை செய்யாத குழந்தைகள் சிலர் பிறக்கிறார்கள், சாதாரணக் கிருமிகூட அவர்கள் உயிருக்கு ஆபத்து என்று. நாற்பத்தொரு வருடம் நான் பிழைத்திருந்ததே இந்த ஏற்பாட்டினால்தான். அதைக் கேட்டதும் என் டி செல்கள் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது.

எங்கள் இருவருடைய ரத்தத்தையும் தட்டு வகை பார்ப்பதற்காகச் சென்னைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வர வாரங்கள் ஆயின. கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, வெயிலில் போகாமல் வீட்டில் இருந்தேன். தினமும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்காதீர்கள், வந்ததும் நானே சொல்கிறேன் என்று டாக்டர் கயல்விழி கும்பிட்டுச் சொல்லிவிட்டார். மறுபரிசோதனை நாளில் நானும் அக்காவும் போனோம். டாக்டர் தாளை எடுத்து மேசையில் வைத்தார். என் தாளில் ஓர் இடத்தில் வட்டம் போட்டிருந்தது. பி பதினைந்து பூஜ்யம் இரண்டு. அக்காவின் தாளிலும் அதே இடத்தில், அதே வட்டம். நான் எழுந்தே நின்றுவிட்டேன். ஏதோ பரீட்சையில் இருவரும் பாஸானது போல இருந்தது. என்ன மாத்திரை கூடாது, அதைப் போன்றவை எவை என்று எழுதிய ஓர் அட்டையை ஆளுக்கொன்று கொடுத்தார். எந்த டாக்டரிடம் போனாலும் வாயைத் திறப்பதற்கு முன்னால் இதைக் காட்ட வேண்டும் என்றார்.

அக்கா இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். "சின்ன வயசுல சண்ட போட்டா, நீ என்கூடப் பொறந்தவளே இல்லன்னு சொல்லுவியே. இப்ப இன்னா சொல்ற?" என்றாள்.

அவளுடைய தாடை வலி என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரியிலேயே பல் பிரிவில் காட்டியிருந்தார்கள். நரம்பும் இல்லை, குடும்ப வியாதியும் இல்லை. வலது கடைவாயில் ஒரு சொத்தைப் பல். பிடுங்கிப் போட்டார்கள், வலி நின்றது. என் நரம்பு வலிக்கு வேறு மருந்து கொடுத்தார்கள், இன்றைக்குவரை தாங்குகிறது.

திரும்பும்போது இருவரும் கூட்டேரிப்பட்டில் இறங்கினோம். அங்கிருந்து அவளுக்குப் பாண்டி பஸ், எனக்குத் திண்டிவனம் பஸ். நேரம் இருந்தது. வறுத்த மல்லாட்டை வாங்கினோம். என் வாய்க்குள் எல்லாம் புதுத் தோல். உப்பு சுரீரென்றது, ஆனாலும் மென்றேன். அவள் பல் இல்லாத பக்கத்தை விட்டு இந்தப் பக்கம் மென்றாள். டீக்கடைக்காரர் ஒரு கையால் டீ ஆற்றிக்கொண்டே மறு கையால் கன்னத்தை அழுத்திப் பிடித்திருந்தார். ஒரு வாரமாக விட்டு விட்டுக் கரண்ட் அடிக்கிற மாதிரி வலிப்பதாக இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு எல்லாம் தெரியும். நரம்பின் பெயர் தெரியும், மாத்திரையின் பெயர் தெரியும், தட்டின் நம்பர்கூடத் தெரியும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அக்கா என் காலை மிதித்தாள்.

"டாக்டராண்ட காட்டுங்கண்ணே," என்று மட்டும் சொன்னேன்.